எதிர்மனுதாரர் மறுக்கிறார்

கண்ணாடிக் கடை மாடியில் இருந்த வக்கீலம்மாவின் அறைக்குக் குடும்ப வழக்கு என்று வருகிறவர்கள் பெரும்பாலும் தனித்தனியாகத்தான் வருவார்கள். தப்பித் தவறிப் புருஷனும் பெண்டாட்டியும் மாடிப்படியில் எதிர்ப்பட்டுவிட்டால், கீழே கடைக்காரர் லென்ஸைப் போட்டுவிட்டு ஓடி வந்து விலக்க வேண்டியிருக்கும். அன்றைக்கு வந்தவர்கள் மூன்று பேர், கூட ஒரு குழந்தை. ஒன்றாகவே வந்தார்கள். ஒரே தண்ணீர் பாட்டிலை மூன்று பேரும் மாற்றி மாற்றிக் குடித்தார்கள். குழந்தை தூங்கி வழிந்தபோது ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு அலுங்காமல் மாற்றினார்கள். இது லேசில் முடிகிற வழக்கில்லை என்று வக்கீலம்மாவுக்கு அப்போதே தோன்றியது.

அந்தப் பெண், பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் பட்டறையில் மெழுகில் பல் பதிக்கிறவள். ஒல்லியாக, நகக்கண்ணில் கிரீஸோடு உட்கார்ந்திருந்தவர் லிப்ட் ரிப்பேர் செய்கிறவர், சட்டப்படி அவளுடைய புருஷன். முன்கை முழுக்கச் சூட்டுத் தழும்போடு குழந்தையை வாங்கிக்கொண்டவன் பேக்கரியில் ரொட்டி சுடுகிறவன், குழந்தையின் அப்பா. குழந்தைக்குப் பள்ளிக்கூடம் சேர்க்கிற வயது. வீட்டில் கூப்பிடுகிற பெயர் சுண்டெலி.

விஷயம் இதுதான். லிப்ட்காரரும் அவளும் பிரிந்து பல வருஷம் ஆகிவிட்டது. சண்டை போட்டுக்கூடப் பிரியவில்லை. ஒருநாள் அவள் பெட்டியைக் கட்டினாள், அவர் அதைத் தெருமுனை வரை தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார், அவ்வளவுதான். விவாகரத்து வாங்க வேண்டும் என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டே இருந்தார்கள். நினைப்பதோடு சரி. அதற்குள் ரொட்டிக்காரன் வந்தான், சுண்டெலியும் பிறந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் அவளுடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, அதில் புருஷன் என்று யார் பெயர் இருந்ததோ அதையே அப்பா என்ற இடத்தில் எழுதிவிட்டார்கள். அவள் மயக்கத்தில் இருந்தாள். ரொட்டிக்காரன் ஆஸ்பத்திரி முழுக்கக் கேக் கொடுத்துக்கொண்டிருந்தான். இப்போது பள்ளிக்கூடத்தில் பிறப்புச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, விண்ணப்பத்தில் அப்பா என்று கையெழுத்துப் போட வந்த ரொட்டிக்காரனிடம் நீங்கள் யார் என்று கேட்டிருக்கிறார்கள்.

“பேரை மாத்தணும் மேடம், அவ்வளவுதான்,” என்றாள் அவள்.

“அவ்வளவுதான்” என்ற வார்த்தையைக் கேட்டாலே வக்கீலம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அடக்கிக்கொண்டு, மூன்று பேருக்கும் சட்டத்தைப் புட்டுப் புட்டு வைத்தார். கல்யாணம் செல்லுபடியாக இருக்கும்போது பிறந்த பிள்ளைக்குச் சட்டம் புருஷனைத்தான் அப்பா என்று சொல்லும். இவர்கள் மூன்று பேரும் கூடி உட்கார்ந்து ஒத்துக்கொண்டாலும் சட்டம் ஒத்துக்கொள்ளாது. கோர்ட் சொன்னால்தான் பெயர் மாறும். கோர்ட் சொல்ல வேண்டுமானால் வழக்கு வேண்டும்.

“வழக்குன்னா ஒருத்தர் மேல ஒருத்தர் போடணும்,” என்று முடித்தார்.

“யார் மேல யாரு?” என்றான் ரொட்டிக்காரன்.

“இவங்க, இவர் மேல.”

பல் செட் பெண் லிப்ட்காரரைத் திரும்பிப் பார்த்து, உங்களுக்குப் பரவாயில்லையா என்று கேட்டாள். போடு, எனக்கென்ன என்றார் அவர். சொன்ன கையோடு, அப்படியானால் எனக்கும் நீங்களே வக்கீலாக இருந்துவிடுங்களேன் என்று வக்கீலம்மாவைக் கேட்டார். ஒரே வழக்கில் இரண்டு பக்கமும் ஒரே ஆள் நிற்க முடியாது என்பதை அவருக்குப் புரிய வைப்பதற்குள் வக்கீலம்மாவின் டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

ஆண்கள் இரண்டு பேரும் குழந்தையோடு கீழே போனபிறகு, வக்கீலம்மா கதவைச் சாத்திவிட்டு அவளிடம் கேட்க வேண்டியதைக் கேட்டார். லிப்ட்காரரோடு இருந்த காலத்தில் குழந்தை ஏன் இல்லை?

அவள் கைப்பையின் வாரை முறுக்கினாள். பிறகு சொன்னாள். கோளாறு அவரிடம்தான். கல்யாணமான புதிதிலேயே டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார், வைத்தியத்துக்கு வழியில்லை என்றும் சொல்லிவிட்டார். அந்த டாக்டர் இன்னும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார்.

வக்கீலம்மாவுக்கு உட்கார்ந்த இடத்திலேயே வழக்கு முடிந்துவிட்ட மாதிரி இருந்தது. டாக்டரைச் சாட்சிக்கு அழைத்தால் ஒரே வாய்தாவில் தீர்ந்துவிடும். பேனாவைத் திறந்தார்.

“அதை மட்டும் எழுதாதீங்க மேடம். அவங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. குறை என்கிட்டதான்னு நினைச்சுட்டிருக்காங்க. இருந்துட்டுப் போகட்டும்.”

“எத்தனை வருஷம் பேச்சு வாங்கினே அதுக்காக?”

“அவரு நல்லவரு மேடம்.”

வக்கீலம்மா பேனாவை மூடினார். கட்சிக்காரர் வேண்டாம் என்று சொன்னதை எழுத முடியாது. கெட்டவர்களை வைத்துக்கொண்டு வழக்கு நடத்துவது எவ்வளவோ சுலபம் என்று அவருக்குத் தோன்றியது. கெட்டவர்கள் குறைந்தபட்சம் ஜெயிக்க ஆசைப்படுவார்கள்.

முதல் வாய்தாவிலேயே தலைவலி ஆரம்பித்தது. நீதிபதிக்கு அன்று ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி மனுவைப் படித்தவர், எதிர்மனுதாரர் யார் என்று கேட்டார். லிப்ட்காரர் எழுந்தார். அவர் மடியில் மனுதாரரின் குழந்தை உட்கார்ந்திருந்தது, அவர் எழுந்ததும் அது அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டது. நீதிபதி குழந்தையைப் பார்த்தார், மனுவைப் பார்த்தார், வக்கீலம்மாவைப் பார்த்தார். இதில் தகராறு எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

வக்கீலம்மா எழுந்து, தகராறு சட்டத்துக்கும் உண்மைக்கும் இடையில் இருக்கிறது என்று ஆரம்பித்து நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு போனார். நடுவில் நீதிபதி ரொட்டிக்காரனைக் காட்டி, இவருக்கும் எதிர்மனுதாரருக்கும் பேச்சுவார்த்தை எப்படி என்று கேட்டார். ரொட்டிக்காரன் பயபக்தியோடு கை கட்டிக்கொண்டு, “எனக்கு அண்ணன் மாதிரிங்கய்யா. அண்ணன் சொல்லித்தான் வழக்கே போட்டோம்,” என்றான். தட்டச்சு செய்கிற அம்மாவின் காதில் பாதிதான் விழுந்திருக்கிறது. அன்றைய நடவடிக்கைக் குறிப்பில், குழந்தையின் தந்தை எனக் கூறப்படுபவர் எதிர்மனுதாரரின் உடன்பிறந்த தம்பி என்று ஏறிவிட்டது. அதைத் திருத்துவதற்கு வக்கீலம்மா தனியாக ஒரு மனு போட்டார். அது ஒரு வாய்தாவைச் சாப்பிட்டது.

லிப்ட்காரர் பிடித்த வக்கீல் யார் என்று தெரிந்தபோது தலைவலி இன்னும் ஏறியது. கோர்ட்டில் அவரை ஆட்சேபணையார் என்றுதான் சொல்வார்கள். மின்விசிறியைப் போட்டாலும் எழுந்து ஆட்சேபிப்பார். வயதான மனிதர், கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு வழக்கு என்றால் எதிர்க்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் அவர் கற்றுக்கொள்ளவில்லை. அவர் தாக்கல் செய்த பதில் மனுவை வக்கீலம்மா நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தார். இரண்டாம் பத்தியில் உட்கார்ந்துவிட்டார்.

மனுதாரரும் எதிர்மனுதாரரும் பல வருடங்களாகப் பிரிந்து வாழ்வதாகக் கூறுவது பொய்யானது, கற்பனையானது, அதனை எதிர்மனுதாரர் மறுக்கிறார். அவர்களுக்கிடையே தாம்பத்திய உறவு இல்லை என்பது உள்நோக்கம் கொண்டது, அதனையும் எதிர்மனுதாரர் மறுக்கிறார். மேற்படி குழந்தை எதிர்மனுதாரரின் குழந்தையே ஆகும். கீழே லிப்ட்காரரின் கையெழுத்து, குண்டு குண்டாக.

கோர்ட் கேன்டீனில் ஆட்சேபணையாரைப் பிடித்தார். பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார் அவர்.

“பதில் மனுன்னா மறுக்கணும்மா. எல்லாத்தையும் ஒத்துக்கிட்டா அதுக்குப் பேரு பதில் மனுவா?”

“உங்க கட்சிக்காரர் மறுக்கச் சொன்னாரா?”

அதை அவர் கேட்கவில்லையாம். எல்லா வழக்குக்கும் போடுகிற வாசகம்தான், கட்சிக்காரரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார் என்றார். வாபஸ் வாங்கச் சொன்னபோது, கட்சிக்காரர் எழுதிக் கொடுக்காமல் முடியாது, அப்படி வாங்குவதற்கு ஆட்சேபணை தெரிவிப்பேன் என்றார். தன் மனுவுக்குத் தானே. பிஸ்கட் டீக்குள் உடைந்து விழுந்தது. வக்கீலம்மாவுக்கு அதில் ஒரு சின்னத் திருப்தி.

சரி, லிப்ட்காரர் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பார், ஒரு வார்த்தை சொன்னால் சரி செய்துவிடலாம் என்று வக்கீலம்மா தன்னைத் தேற்றிக்கொண்டார். அந்தத் தேறுதலும் நிலைக்கவில்லை. அந்த வாரமே லிப்ட்காரரின் அக்கா மாடியேறி வந்துவிட்டாள்.

தையல் கடை வைத்திருப்பவள். கழுத்தில் அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். கையில் ஒரு பெரிய துணிப்பை. அதிலிருந்து மூன்று கவுன்களை எடுத்து மேஜையில், கேஸ் கட்டுகளின் மேலேயே விரித்தாள். மூன்றும் ஒரே மஞ்சள் துணி, ஒரே மாதிரி கழுத்து, சின்னது, அதைவிடப் பெரியது, இன்னும் கொஞ்சம் பெரியது.

“அளவு தெரியலம்மா. எது சேருதோ போட்டுக்கட்டும். என் தம்பி பொண்ணு.”

தம்பி சொல்லிவிட்டானாம். கோர்ட்டிலேயே எழுதிக் கொடுத்துவிட்டானாம், குழந்தை தன்னுடையதுதான் என்று. பிரிந்து இருந்தார்களே எப்படி என்று கேட்டதற்கு, தலையைக் குனிந்துகொண்டானாம். புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும், நாம் துருவக் கூடாது என்று இவளும் விட்டுவிட்டாளாம். குழந்தையை ஒரு தடவை பார்க்க வேண்டும், வக்கீலம்மாதான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

எதிர்த்தரப்பு ஆட்களோடு வழக்கு விஷயம் பேசக் கூடாது என்று வக்கீலம்மா சொல்லிப் பார்த்தார். அக்காவின் காதில் அது ஏறவில்லை. கவுனின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே, குரல் தணிந்து சொன்னாள்.

“நான் அந்தப் பொண்ணைப் பேசாத பேச்சில்லம்மா. பட்ட மரம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிருக்கேன். நாலு பேர் கூடுற இடத்துல ஒதுங்கி நில்லுன்னு சொல்லிருக்கேன். அது பெத்துருச்சே. அதுவும் என் தம்பிக்கு. இப்ப அது கால்ல விழச் சொன்னாலும் விழுவேன்.”

வக்கீலம்மாவின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு வாக்கியம் போதும், எல்லாம் நேராகிவிடும். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொல்லக் கூடாது என்று கட்சிக்காரி கையைக் கட்டிப் போட்டிருக்கிறாள். மேஜை டிராயரைத் திறந்து நெஞ்செரிச்சலுக்கான மாத்திரை ஒன்றை எடுத்து மென்றார். கவுன்களை மடித்து அக்காவின் பைக்குள்ளேயே வைத்து, பத்திரமாகப் போய் வாருங்கள் என்று அனுப்பினார்.

அன்று மாலை பல் செட் பெண்ணுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். எதிர்முனையில் பட்டறையின் அரவை இயந்திரம் நின்றது.

“என்ன கலர் கவுன்?” என்றாள் அவள்.

“அதுவா இப்ப முக்கியம்? டாக்டரைக் கூப்பிடட்டுமா?”

“வேணாம் மேடம். அவரே சரியாச் சொல்லிருவாரு. கொஞ்சம் டைம் குடுங்க.”

டைமை வக்கீலம்மா எங்கிருந்து கொடுப்பார்? பள்ளிக்கூடம் சீட்டைப் பிடித்து வைத்திருப்பதே பெரிய காரியம். இதற்கு நடுவில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து ரொட்டிக்காரன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான். குழந்தையின் அப்பாவை வரச் சொல்லுங்கள் என்று அவனிடமே சொல்லியிருக்கிறார்கள். பட்டறையிலிருந்து அவள் வரும் வரைக்கும் வெளியே நிற்க வைத்துவிட்டார்கள். அதைச் சொல்லும்போது அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சிரிப்பு சரியாக வரவில்லை.

அடுத்த வாய்தாவில் வக்கீலம்மா மரபணுப் பரிசோதனை கேட்டார். ஆட்சேபணையார் ஆட்சேபித்தார். நீதிபதி, எதிர்மனுதாரர் குழந்தை தன்னுடையது என்கிறார், மனுதாரர் இல்லை என்கிறார், இப்போதுதான் இது ஒரு வழக்கு மாதிரி இருக்கிறது என்று சொல்லிப் பரிசோதனைக்கு உத்தரவிட்டார். பின்வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். லிப்ட்காரர் முன்வரிசையில் தரையைப் பார்த்தபடி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஆனால் பரிசோதனைக் கூடத்துக்கு வரவில்லை. மற்ற மூன்று பேரும் போய் வாயைத் திறந்து காட்டி, பஞ்சுக் குச்சியால் எச்சில் கொடுத்துவிட்டு வந்தார்கள். அவருக்காக ரொட்டிக்காரன் ஒரு பன்னைக் காகிதத்தில் சுற்றி வைத்துக்கொண்டு வாசலிலேயே காத்திருந்தானாம், சாத்துகிற வரைக்கும். இன்னொரு தேதி வாங்கினார்கள். அதற்கும் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. முறைப்படி அவருடைய வக்கீலிடம்தான் பேச வேண்டும் என்று வக்கீலம்மா ஆட்சேபணையாரைக் கூப்பிட்டார்.

“என் போனையே எடுக்க மாட்டேங்கிறாரும்மா. நீங்க நேர்ல பார்த்துப் பேசுங்க. எனக்கு ஆட்சேபணை இல்ல,” என்றார் அவர். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்க அந்த இடத்தில் வேறு யாரும் இல்லாமல் போய்விட்டார்களே என்று வக்கீலம்மாவுக்கு ஒரே வருத்தம்.

லிப்ட்காரர் ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில் வேலையில் இருந்தார். லிப்ட் பழுது, அதனால்தான் அவர் அங்கே இருந்தார், அதனால் வக்கீலம்மா படியேற வேண்டியிருந்தது. ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினார். ஒவ்வொரு மாடியிலும் திட்டுவதற்கு ஒரு புது வார்த்தையைச் சேர்த்துக்கொண்டார். மொட்டை மாடிக்குக் கீழே இருந்த மோட்டார் அறைக்குள் நுழைந்தபோது, நல்ல நீளமான ஒரு அர்ச்சனை அவரிடம் தயாராக இருந்தது.

அறைக்குள் எண்ணெய் வாசனை. பெரிய சக்கரத்தின் மேல் இரும்புக் கயிறுகள் இறங்கிப் போயின. லிப்ட்காரர் குந்தி உட்கார்ந்து பிரேக் கட்டையைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்து, கையைப் பழந்துணியில் துடைத்துவிட்டு, கருவிப் பெட்டியை மூடி அதன்மேல் ஒரு செய்தித்தாளை விரித்து உட்காரச் சொன்னார்.

வக்கீலம்மா உட்காரவில்லை. “ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தப் பதில் மனுவைப் படிக்காமத்தானே கையெழுத்துப் போட்டீங்க?”

அவர் பழந்துணியை மடித்தார். “படிச்சேன் வக்கீலம்மா. ரெண்டு தடவை படிச்சேன்.”

“படிச்சுட்டுமா போட்டீங்க?”

“படிக்க நல்லா இருந்துச்சு.”

படியேறும்போது சேர்த்து வைத்த அர்ச்சனை முழுக்க வக்கீலம்மாவுக்கு மறந்துவிட்டது. அவர் கருவிப் பெட்டியின்மேல் உட்கார்ந்தார்.

பொய் என்று தெரியும், நாலு நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன் என்றார் லிப்ட்காரர். டைப் அடித்து, முத்திரை குத்தி, ‘எதிர்மனுதாரரின் குழந்தையே’ என்று இருந்ததாம். அதை அவராகப் போய் அக்காவிடம் சொல்லவில்லை. மனு நகலைப் பார்த்துவிட்டு அவளாகக் கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தால் வார்த்தை வரவில்லை. அக்கா அழுதுவிட்டாள். அதற்கப்புறம் எப்படி மாற்றிச் சொல்வது? பரிசோதனைக்குப் போனால் அதோடு முடிந்துவிடும். அதனால்தான் போகவில்லை.

வக்கீலம்மாவுக்கு இரக்கமும் வந்தது, எரிச்சலும் வந்தது. எரிச்சல்தான் முந்திக்கொண்டது.

“உங்களுக்குப் படிக்க நல்லா இருந்துச்சு. அந்த மனுஷன் காய்ச்சல்ல பிள்ளையைத் தூக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கறான், அப்பனைக் கூட்டிட்டு வான்னு அவன்கிட்டயே சொல்றாங்க. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போயிரும் போல இருக்கு. அவ ஒருத்தி, அந்த டாக்டரைக் கூப்பிட்டா நாளைக்கே முடிஞ்சுரும், கூப்பிடாதீங்கன்னு என்னையே மிரட்டிட்டு உக்காந்திருக்கா. நான் உங்க எல்லாரையும் வெச்சுக்கிட்டு என்னதான் பண்றது?”

சொல்லக் கூடாததையும் சேர்த்துச் சொல்லிவிட்டோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். லிப்ட்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னுமா சொல்ல வேணாங்கறா?”

லிப்ட்காரர் கழற்றி வைத்திருந்த பிரேக் கட்டையை எடுத்து மாட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு திருகாக முடுக்கி, கையால் அசைத்துப் பார்த்து, சுவிட்சைப் போட்டார். சக்கரம் உறுமிக்கொண்டு சுற்றியது. எந்தத் தேதி என்று கேட்டார். வக்கீலம்மா சொன்னார். வருகிறேன் என்றார். லிப்ட் ஓடுகிறது, அதிலேயே இறங்கிப் போங்கள் என்றும் சொன்னார்.

வந்தார். பரிசோதனைக் கூடம் திறப்பதற்கு முன்பே வந்து வாசலில் நின்றாராம்.

முடிவு வந்த அன்று நீதிபதி அதை மேலோட்டமாகப் படித்தார். குழந்தை ரொட்டிக்காரனுடையது, எதிர்மனுதாரருடையது இல்லை. பின்வரிசையில் அக்கா எழுந்துவிட்டாள். எச்சிலை மாற்றி வைத்துவிட்டார்கள், எல்லாரும் ஒரே கூட்டு என்று குரல் உயர்ந்தது. சிப்பந்தி அவளை உட்காரச் சொன்னார். ஆட்சேபணையார், பழக்க தோஷத்தில், அந்த அறிக்கையை ஆட்சேபித்து மறுபரிசோதனை கோருவதாக எழுந்தார். வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார். இன்னும் இரண்டு வாய்தா.

“சார், உக்காருங்க சார்,” என்று ஒரு குரல் கேட்டது. லிப்ட்காரர் தன் வக்கீலின் கறுப்புக் கோட்டைப் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டிருந்தார். பிறகு நீதிபதியைப் பார்த்துக் கைகூப்பினார்.

“ஐயா, அது சரியாத்தான் இருக்கு. இன்னொரு தடவை பார்த்தாலும் அதான் வரும். எனக்குப் பிள்ளை பிறக்காதுங்கய்யா. கல்யாணமான புதுசுலயே டாக்டர் சொல்லிட்டாரு. அவளுக்கும் தெரியும். வெளியில சொல்லாதேன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். இன்னிக்கு வரைக்கும் அவ சொல்லல.”

தட்டச்சு நின்றது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். இதைப் பதிவு செய்ய வேண்டுமா என்று மெதுவாகக் கேட்டார். செய்யாவிட்டாலும் அறிக்கையே போதும் என்றார். லிப்ட்காரர் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தார்.

“பண்ணுங்கய்யா,” என்றார்.

வெளியே நடைக்கூடத்தில் வக்கீலம்மா நகல் மனு எழுதிக்கொண்டிருந்தபோது அக்கா வந்தாள். நேராகப் பல் செட் பெண்ணின் முன்னால் போய் நின்றாள். ரொட்டிக்காரன் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஏதாவது ரகளை என்றால் குறுக்கே விழுவதற்கு வக்கீலம்மாவும் பேனாவோடு எழுந்துவிட்டார்.

“ஏன்டி சொல்லல?” என்றாள் அக்கா.

“நீங்க கேக்கல அண்ணி. நீங்க எப்பவும் சொல்லத்தானே செஞ்சீங்க.”

“அவ்வளவு பேச்சையும் கேட்டுக்கிட்டு நின்னியே.”

“நின்னேன். அப்புறம் போயிட்டேன்ல.”

அக்கா சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டாள். ரொட்டிக்காரன்தான் ஓடிப்போய் வாங்கி வந்தான். குடித்தாள். குழந்தையைப் பார்த்தாள். கிட்டே கூப்பிடவில்லை. குழந்தையும் போகவில்லை. காலில் விழப் போவதாகச் சொன்ன பேச்செல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்ததோ என்னவோ, யாரும் யார் காலிலும் விழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போனாள். லிப்ட்காரர் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். அவள் அவரோடு பேசாமல், ஆனால் பையைப் பிடுங்காமல், முன்னால் நடந்தாள்.

தீர்ப்பு வந்தது. சான்றிதழில் பெயர் மாறியது. பள்ளிக்கூடத்தில் விண்ணப்பத்தை நீட்டியபோது ரொட்டிக்காரன் எண்ணெய்க் கையால் முதல் தாளைக் கறையாக்கி, இன்னொரு தாள் கேட்டு வாங்கி, நாக்கைத் துருத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டானாம். பல் செட் பெண் போனில் அதைச் சொல்லிச் சிரித்தாள். வக்கீலம்மாவும் சிரித்தார். பிறகு, மரியாதையாக நீயும் அவரும் வந்து விவாகரத்து மனுவில் கையெழுத்துப் போடுங்கள், அடுத்த குழந்தைக்கும் என்னால் இப்படி அலைய முடியாது என்றார்.

வந்தார்கள். விவாகரத்து என்றால் ஆலோசகர் ஒருமுறை இருவரையும் உட்கார வைத்துப் பேச வேண்டும் என்பது விதி. லிப்ட்காரரும் அவளும் ஆலோசகர் அறைக்குள் போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. வெகுநேரம் ஆயிற்று. ஒரு தடவை உள்ளே சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. வெளியே ரொட்டிக்காரன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இருப்புக் கொள்ளாமல் நெளிந்தான்.

“என்ன மேடம் இவ்வளவு நேரம்? மறுபடி சேர்த்து வெச்சிருவாங்களா?”

வக்கீலம்மா பேசாமல் இருக்கச் சொன்னார். கடைசியில் கதவு திறந்து ஆலோசகர் அம்மா முகம் மலர வெளியே வந்தாள். கையில் அறிக்கை.

“இவ்வளவு பொறுமையா, இவ்வளவு அன்பாப் பேசிக்கற ஜோடியை நான் பார்த்ததே இல்ல மேடம். அவசரப்பட வேணாம், ஆறு மாசம் சேர்ந்து வாழ்ந்து பார்க்கட்டும்னு சிபாரிசு பண்ணிருக்கேன்.”

அவள் பின்னால் லிப்ட்காரரும் பல் செட் பெண்ணும், நாங்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம் என்கிற முகத்தோடு நின்றார்கள். வக்கீலம்மா அந்த அறிக்கையை வாங்கினார். திட்டுவதற்கு யாரை முதலில் பிடிப்பது என்று தெரியாமல் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, சிபாரிசை எதிர்த்து மனு எழுத ஆரம்பித்தார்.